ரோட்டில் காய்ந்த நெல்

கீழமருதூர் வாய்க்கால் ரோட்டு மடத்தில் இருந்த அம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் சாம்பசிவம். அம்மாவைவிட வயதில் மூத்தவர். மூன்று ஏக்கர் நெல் சாகுபடி. காலையில் மடத்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வயலுக்குப் போவார். சாம்பசிவம் அவரை அம்மா என்று கூப்பிடுவார். அம்மா சாம்பசிவத்தை அண்ணே என்று கூப்பிடுவார்.

மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, ஒரு கைப்பம்பு, இரண்டு பாய். அம்மாவிடம் கேள்வி கேட்டால் பதில் வரும். அது இனிப்பாக வரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அதனால்தான் ஒரே சீடர்.

தை மாதத்து நடுப்பகலில் சாம்பசிவம் சைக்கிளில் வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கோபம் தப்பாங்கம்மா?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யார் மேல, அண்ணே?"

"யார் மேலயோ. தப்பா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"வெறும் கோபத்தைத் தனியா வெச்சு எப்படிச் சொல்றது? உட்காருங்க. தையல் எப்படி இருக்கு?"

தையல்நாயகி சாம்பசிவத்தின் மனைவி. அந்தப் பெயரைக் கேட்டதும் சாம்பசிவம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்பெலும்பு போச்சும்மா. ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. அப்புறமும் பழையபடி நடக்கறது சந்தேகம்தானாம். மக கூட இருக்கா. துணிமணி எடுத்துட்டுப் போகலாம்னு நான் வந்தேன்."

நேற்றுக் காலை நடந்தது இதுதான்.

அந்த ரோட்டில் எதிரெதிரே இரண்டு பெரிய வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் விலக வேண்டும். ரோடு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் கீழமருதூரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். குண்டும் குழியுமாகக் கிடக்கும்போது அது அரசாங்கத்துக்குச் சொந்தம். அறுப்புக் காலத்தில் மட்டும் ஆளுக்கு ஆள் பாகம் பிரித்துக்கொள்வார்கள். மிஷின் அறுத்துத் தருகிற நெல் ஈரமாக வரும். ஈர நெல்லை அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காயப்போடுவதற்கு ஊரில் களம் இல்லை. இருந்த களத்தில் எல்லோரும் கூடிப் பேசிக் கல்யாண மண்டபம் கட்டியாகிவிட்டது. ஆகவே தார் ரோட்டில் பாதியை வளைத்துக்கொண்டு நெல்லைப் பரப்பி, ஓரத்தில் எட்ட எட்டக் கருங்கல் வைத்துவிடுவார்கள். கல், வண்டிக்காரன் பார்த்துப் போக வேண்டும் என்பதற்காக. சக்கரம் ஏறினால் நெல் உடைந்து நொய்யாகிவிடும். நெல்லின்மேல் வண்டியை ஏற்றியவன் இந்த ஊரில் உதை வாங்காமல் போனதும் இல்லை.

தையல்நாயகி சாக்கு வாங்கி வர மொபெட்டில் போனார். அவர் போக வேண்டிய இடது பக்கம் முழுக்க நெல். அதனால் வலது பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிப் போனார். மூங்கில் கொத்து வளைவில் எதிரே அறுப்பு மிஷின் வந்துவிட்டது. நெல் போக மிச்சம் இருந்த பாதியை அது அப்படியே அடைத்துக்கொண்டு வந்தது. தையல்நாயகி வண்டியை வாய்க்கால் பக்கம் ஒடித்தார். கரை மண் சரிந்தது. மொபெட்டோடு உருண்டு படித்துறைக் கல்லில் விழுந்தார்.

"மிஷின்காரன் எங்க?" என்று அம்மா கேட்டார்.

"பிடிச்சு வெச்சிருக்கோம். மாதேஷ்னு பேரு. தர்மபுரி பக்கத்துப் பய. மிஷினும் விழுந்த எடத்துலயேதான் நிக்குது."

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"ஏன்?"

போலீஸ் வந்தால் ரோட்டில் ஏன் நெல் கிடக்கிறது என்றுதான் முதலில் கேட்கும். அது ஊருக்கும் தெரியும், சாம்பசிவத்துக்கும் தெரியும்.

"வைரக்கண்ணு டீசல் கேனோட நிக்கிறான்," என்றார். வைரக்கண்ணு தையல்நாயகியின் தம்பி. "மிஷினைக் கொளுத்திட்டு, அந்தப் பய கையை ஒடிச்சு அனுப்பணும்ங்கறான். ஊரும் அதைத்தான் சொல்லுது. விழுந்தது என் பெண்டாட்டி. அதனால நான் சொல்றதுதான் முடிவு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்னு கிளம்பிட்டேன். கோபப்படாதேன்னு நீங்க ஒரு நாளும் சொன்னதில்ல. அதான் கேக்கறேன். கொளுத்தலாம்னா சொல்லுங்க. கூடாதுன்னா ஏன்னு சொல்லுங்க."

அம்மா அரிசித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கும் வயிறு எரியுதுண்ணே. இந்த வாசல்ல வந்து நின்னு சத்தமாச் சிரிக்கிறது அவ ஒருத்திதான். பார்க்காம நான் எதைச் சொல்றது? வாங்க."

அம்மா முன்னால் நடந்தார். சாம்பசிவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மொபெட் வாய்க்காலில் கிடந்ததால் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய பழைய சைக்கிளை எடுத்து வந்திருந்தார். வெயில் தலையைப் பிளந்தது. மடத்தைத் தாண்டியதும் நெல் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் ரோடு பாதிதான். வளைவுக்கு முன்னாலேயே ஊருக்குள் பிரிந்துவிடும் பால் வண்டி ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது. இருவரும் வாய்க்கால் சரிவில் இறங்கி நின்று வழி விட்டார்கள்.

"நடக்கறவங்க எந்தப் பக்கமாப் போறதுண்ணே?"

"எல்லாரும் போடறாங்கம்மா. நாம மட்டும் வீட்டுக்குள்ளயா காயப்போட முடியும்?"

"களத்துல மண்டபம் கட்டினப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நானும்தான் கையைத் தூக்கினேன். மக கல்யாணத்துக்கு ஆவுமேன்னு."

தூரத்தில் மூங்கில் கொத்து தெரிந்தது.

"வளைவுல கெடக்கற நெல்லு யாருது?"

"நம்மளுதுதான். நானும் தையலுமா விடியக்காலையில கொண்டாந்து கொட்டினோம். கல்லெல்லாம் அவதான் வெச்சா."

"ஆம்புலன்ஸ் எப்படி வந்துச்சு? ஒரு பக்கம் மிஷின், ஒரு பக்கம் நெல்லு."

"கஷ்டம்தான். மிஷினைப் பின்னால எடுக்க அந்தப் பயலுக்குக் கை ஆடுது. அப்புறம் ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து நெல்லை வாரி ஒதுக்கினோம். அப்படித்தான் வழி கெடைச்சுது."

அம்மா நின்றார்.

"வாரி ஒதுக்கற வரைக்கும் தையல் எங்க இருந்தா?"

"கரையில. துண்டை விரிச்சுப் படுக்க வெச்சிருந்தோம். தண்ணியில எறங்கித் தூக்கினது என்னவோ அந்தப் பயதான்."

"ஒதுக்கின நெல்லு?"

"ஆம்புலன்ஸ் போனதும் வைரக்கண்ணு திரும்பப் பரப்பி விட்டுட்டான். குவியலாக் கெடந்தா சூடேறிடும்ல."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. முன்னைவிட வேகமாக நடந்தார். சாம்பசிவத்துக்கு மனம் நிறைந்தது. அம்மாவுக்கும் மிஷின்காரன்மேல் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

வளைவில் மிஷின் நின்றது. மஞ்சள் பெயிண்ட் அடித்து எலுமிச்சம்பழம் கட்டிய மிஷின். முன்னால் கதிர் வெட்டும் கட்டர், பற்களை நீட்டிக்கொண்டு, மிஷினைவிட அகலமாக இருந்தது. ஏணிப் படியோடு சேர்த்து மாதேஷின் ஒரு கையைக் கயிற்றால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. சுற்றிலும் ஊர். வைரக்கண்ணு கேனைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தான்.

அம்மா நேராக மாதேஷிடம் போனார்.

"முன்னால சிவப்புத் துணியோட ஆள் அனுப்பினியா?"

"இல்லீங்கம்மா. கூட வந்த பையன் ஊருக்குப் போயிட்டான்."

"கட்டரை ஏன் கழட்டல? கழட்டித் தனியா டிராக்டர்ல ஏத்திக் கொண்டு போகணும்னு தெரியாதா?"

"தெரியுங்க. கழட்டி மாட்டுனா ரெண்டு மணி நேரம் ஆயிடுங்க. இன்னும் வரலியான்னு வயக்காரங்க போன் மேல போன் போடுவாங்க. லேட்டானா வேற மிஷினைக் கூப்பிட்டுக்குவாங்க."

"நேத்து போன் போட்டது யாரு?"

மாதேஷ் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்தில் இரண்டு பேர் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"வளைவுல ஹாரன் அடிச்சியா?"

"அடிச்சங்க. மெதுவாத்தான் வந்தங்க. அக்காவைப் பார்த்ததும் பிரேக்கும் அடிச்சுட்டங்க. அவங்களுக்கு எடம் வேணும்னுதான் நான் வாய்க்கா ஓரமா ஒட்டிப் போனேன். அவங்களும் வாய்க்கா பக்கமே வந்து எறங்குவாங்கன்னு நெனைக்கலீங்க."

"வேற எந்தப் பக்கம் போவான்னு நினைச்சே?"

மாதேஷ் சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"நெல்லு மேல ஏறிடுவாங்கன்னு நெனச்சங்க. அங்கதானே எடம் இருந்துச்சு. எங்க ஊருப் பக்கம் கேழ்வரகு, கொள்ளெல்லாம் ரோட்டுல போடறதே வண்டி ஏறணும்னுதாங்க. பஸ்சே ஏறித்தான் போகும். அப்பத்தான் மணி உதிரும்."

கூட்டம் கொதித்துவிட்டது.

"கேட்டீங்களா? நெல்லு மேல வண்டியை ஏத்தணுமாம்ல."

"சோறு திங்கிறவன்தானாடா நீ?"

வைரக்கண்ணு கேனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு மாதேஷின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். சாம்பசிவம் அம்மாவிடம் திரும்பினார்.

"பார்த்தீங்களாம்மா?" என்றார். "என் பெண்டாட்டியை இடுப்பொடிச்சுப் போட்டுட்டு, நெல்லு மேல ஏத்தாதது அவ தப்புங்கறான். இவனுக்கு என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

"கையைக் கீழே போடு," என்று வைரக்கண்ணுவிடம் சொன்னார் அம்மா. பிறகு மாதேஷிடம் திரும்பினார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து ஊர் கேட்டதில்லை.

"ரோட்டையே அடைக்கிற வண்டியை வெச்சிருக்கவன் நீ. எதிர்ல வர்றவ எங்க போவான்னு உன் ஊர்க் கணக்கை வெச்சு நீயே முடிவு பண்ணிக்குவியா? வளைவுல நிறுத்தி, எறங்கி வந்து எட்டிப் பார்த்தா உன் கால் தேஞ்சா போயிடும்? ரெண்டு மணி நேரத்துக்கு மூக்கால அழுதியே. அவ இனிமே எத்தனை வருஷம் படுத்துக் கெடக்கணும் தெரியுமா?"

"தப்புதாங்கம்மா," என்றான் மாதேஷ். அழுதான்.

"அப்புறம் என்ன அத்தான்?" என்றான் வைரக்கண்ணு. "அம்மாவே சொல்லிட்டாங்க. சொல்லுங்க, ஊத்தறேன்."

"இரு," என்றார் அம்மா. "அண்ணே, அந்த சைக்கிளைக் கொடுங்க."

சாம்பசிவம் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனார். மூங்கில் கொத்து மறைத்துவிட்டது. கூட்டம் ஒன்றும் புரியாமல் நின்றது.

கொஞ்ச நேரத்தில் அம்மா சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு வளைவில் திரும்பி வந்தார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தையல்நாயகி வந்த மாதிரியே வாய்க்கால் ஓரமாக வந்தார். மிஷினுக்குக் கிட்டே வந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. கட்டரின் பற்களுக்கு நேராக வந்தார். யாரோ வழியில் நின்ற ஒருவரைப் பிடித்து இழுத்தார்கள். மிஷினுக்கு ஒரு வண்டி தூரம் இருக்கும்போது அம்மா ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினார். இரண்டு கருங்கல்லுக்கு நடுவே முன்சக்கரம் நெல்லுக்குள் இறங்கியது.

"நெல்லு, நெல்லு," என்று அலறிக்கொண்டு சாம்பசிவம் பாய்ந்தார்.

இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி வாய்க்கால் பக்கம் தள்ளினார். சைக்கிள் நெல்லைவிட்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் தார் ரோட்டைக் குறுக்கே கடந்து கரையில் சாய்ந்தது. அம்மா தூக்கி எறியப்பட்டுச் சரிவில் உருண்டார். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே ஒரு காட்டாமணக்குச் செடி தடுத்தது.

ஒருவரும் அசையவில்லை. மாதேஷ் மட்டும் எழுந்து ஓடப் பார்த்தான். கயிறு இழுத்துப் பிடித்தது.

சாம்பசிவம் குனிந்தார். சக்கரம் பதிந்த தடத்தில் நெல்லை உள்ளங்கையால் தள்ளிச் சமமாக்கினார். கல்லுக்கு வெளியே சிதறியதைக் கூட்டி உள்ளே ஒதுக்கினார். அப்புறம் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, கரைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, அடி பட்டுடுச்சா?"

அம்மா செடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுகிப் புடவையில் இறங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. சாம்பசிவத்தின் முகத்தைத்தான் பார்த்தார்.

"நெல்லுக்கு ஒண்ணும் ஆகலையே, அண்ணே?"

சாம்பசிவம் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்கு ஒரு அடி கீழே சரிந்த மண்ணில் மொபெட்டின் தடம் இன்னும் இருந்தது. ரோட்டோரத்திலிருந்து அது நேராகப் படித்துறைக்குப் போயிற்று. நெல்லின் பக்கம் அது துளிகூடத் திரும்பவில்லை.

"சொல்லுங்கத்தான்," என்றான் வைரக்கண்ணு பின்னாலிருந்து. "ஊத்தட்டுமா?"

சாம்பசிவத்தின் பார்வை அந்தத் தடத்தைவிட்டு நகரவில்லை.

"உங்க ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாரும் நிக்கிறோம்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். வைரக்கண்ணு அத்தானின் முகத்தைப் பார்க்க முன்னால் வந்தான். பார்த்தான். கேனைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவுக்குக் கை கொடுக்கச் சரிவில் இறங்கினான்.